காரணம் என்ற கட்டம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் "உம், சரி, வெச்சுடட்டுமா" என்று மூன்று வார்த்தையில் என்னைத் துரத்திவிடுகிறாய். கையில் பேனா கொடுத்தால்தான் உனக்கு வாய் முளைக்கும். அதனால் கடிதம் எழுதுகிறேன். பதிலும் கடிதமாகவே வேண்டும்.

அண்ணா, ஜெயித்துவிட்டேன். நம் பஸ் கம்பெனியின் ஹெட் ஆபீஸில் இரண்டு வருஷம் மேஜை மேஜையாகப் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது. டிரைவர்களுக்கு டூட்டி போடும் புரோகிராமைச் சோதித்துப் பார்க்க மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு டெப்போவில். எந்த டெப்போ என்று கேட்டதும் யோசிக்காமல் உன்னுடையதைச் சொன்னேன். பத்தொன்பது வருஷமாக அங்கே டூட்டி சார்ட் எழுதுவது என் அண்ணன். பிறகு எனக்கென்ன பயம்?

பொது மேலாளர் மட்டும் சிரித்துக்கொண்டே, "இது ஓடலேன்னா நீங்க மறுபடி டைப்பிங் செக்‌ஷன்தாம்மா" என்றார். சிரித்தாரே தவிர, அது விளையாட்டுப் பேச்சு இல்லை. என் மானம் உன் கையில்.

உன் செல்லத் தங்கை

மார்ச் 27

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இவ்வளவு கத்தியவள் இளைத்துத்தான் போயிருப்பாள் என்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் புரோகிராம் வந்து இறங்கிவிட்டது. டிரைவர்கள் ஓய்வறையில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். நீ வருத்தப்படாமல் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் நாளே பதினோரு பேர் என் மேஜைக்கு வந்து, இந்த டூட்டி முடியாது என்றார்கள். ஏன் முடியாது என்று உன் புரோகிராம் கேட்கிறது. 'காரணம்' என்று ஒரு கட்டத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்கள் அதைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், கட்டத்தை நிரப்பாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த வாரம் மட்டும் ஆறு பஸ் கிளம்பவில்லை.

நான் எதையும் குறித்து வைத்ததில்லை. ஒருவர் வருவார், கதவைச் சாத்திவிட்டு ஒரு விஷயம் சொல்வார். நான் தலையாட்டுவேன். மறுநாள் அவர் டூட்டி மாறியிருக்கும். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். எனக்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான். இதை மெஷினுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அந்த ஆறு பஸ் கணக்கும் இங்கே வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, உங்கள் குழந்தை எப்போது நடக்கும் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

புரோகிராம் மேல் தப்பில்லை அண்ணா. உன் தலைக்குள் இருப்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதினோரு பேருக்கும் யாருக்கு எந்த டூட்டி ஆகாது, ஏன் ஆகாது என்று எனக்கு எழுது. ஏன் என்பதை மறைக்காதே. அது தெரிந்தால்தான் புரோகிராம் சரியாக யோசிக்கும். கம்ப்யூட்டருக்குள் போவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். யார் கண்ணிலும் படாது. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் கிண்டல் செய்தால் டெப்போவிலிருந்து ஓடி வந்து முன்னால் நிற்பாயே. இப்போது கொஞ்சம் வந்து நில்.

உன் செல்லத் தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள வாயாடிக்கு,

ஒரு வாரம் யோசித்தேன். நீ அழுததைப் பாத்ரூம், முகம் கழுவினேன் என்று எழுதினால் எனக்குத் தெரியாதா?

தனித் தாளில் பதினோரு பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட இந்த மூன்று பேர் விஷயத்தில் கவனமாக இரு.

நாங்கள் மௌனி என்று கூப்பிடுகிறவருக்கு ஏழாம் நம்பர் ரூட் ஆகாது. அவர் மனைவி இப்போது வேறொருவரோடு வாழ்கிறார். அந்த ரூட்டின் இரண்டாவது ஸ்டாப்பில் அந்த அம்மா தினமும் காலையில் இவருடைய பெண்ணோடு பஸ்ஸுக்கு நிற்பார். பெண்ணுக்கு இவரை அடையாளம் தெரியாது. இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவருக்கு எப்போதோ இரண்டு தடவை தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்பது வருஷமாக ஒன்றுமில்லை. நடுவில் ஓய்வு கிடைக்கிற சின்ன ரூட்தான் கொடுப்பேன். இவர் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஒன்பது வருஷமாக நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

டெப்போவில் எல்லாரும் பெரியக்கா என்கிற டிரைவருக்குப் பத்து மணிக்கு மேல்தான் டூட்டி. படுத்த படுக்கையான புருஷனைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டு வருகிறார். அந்த மனிதருக்குத் தன் நிலைமை வெளியே தெரியக் கூடாது. கால் சுளுக்கு என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அண்ணியிடம்கூட நான் சொன்னதில்லை.

உன் அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணா, என் ராசா அண்ணா,

இரண்டே வரி. பதினொன்றையும் ஏற்றிவிட்டேன். நேற்று ஒரு பஸ்கூட நிற்கவில்லை. குழந்தை நடக்கிறது என்று அந்த ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் செல்லத் தங்கை

மே 6

தங்கைக்கு,

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஓய்வறைத் திரையில் டூட்டி சார்ட் வந்தது. எப்போதும் வருகிற மாதிரிதான். ஆனால் இந்தத் தடவை 'காரணம்' என்ற கட்டமும் சேர்ந்து வந்தது. அதில் இருந்தது என் கடிதம். நான் எழுதிய வார்த்தை, அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

முப்பது பேர் டீ டம்ளரோடு நின்று படித்தார்கள். மௌனியும் அவர்களோடு நின்று படித்தார். "தினமும் காலையில் இவருடைய பெண்ணோடு" என்ற இடம் வந்தபோது யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். நான் திரையின் வயரைப் பிடுங்க ஓடினேன். அது சுவருக்குள் போகிறது. நாற்பது நிமிஷம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

மௌனி என் மேஜைக்கு வந்து பஸ் சாவியை வைத்தார். "உங்க ஒருத்தர்கிட்டதான் சார் சொன்னேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

வாத்தியாரின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் இப்போது பஸ் கழுவுகிறார். பெரியக்காவைப் பகுதி நேரம் ஆக்கிவிட்டது உன் புரோகிராம். அவர் புருஷன் இப்போது யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லையாம்.

திரையில் எப்படி வந்தது? யாருடைய கவனப் பிசகு? நீ இல்லை என்று ஒரு வரி எழுது. அது போதும் எனக்கு.

உன் அண்ணன்

மே 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. கவனப் பிசகு இல்லை. நான்தான் போடச் சொன்னேன். சில பேருக்கு மட்டும் சலுகை நடக்கிறது என்று யூனியனிலிருந்து புகார் வந்தது. காரணத்தை எல்லார் கண்ணுக்கும் காட்டிவிட்டால் புகார் அடங்கிவிடும் என்றேன். அடங்கிவிட்டது. வாக்குக் கொடுத்தது நினைவில்லாமல் இல்லை. அன்றைக்கு இருந்த நிலைமை வேறு. உன் வார்த்தைகளைச் சுருக்க நேரம் இல்லாமல் போனதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். வாத்தியாருக்கு ஒரு நாள் நாற்பது பேரோடு போகும்போது வலிப்பு வந்தால்? ஒன்பது வருஷம் நீ அந்த நாற்பது பேரை வைத்துச் சூதாடியிருக்கிறாய். அதை நான் மேலே சொல்லவில்லை. மேலே போன ரிப்போர்ட்டில் உன் பெயரைக் காப்பாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. பதினான்கு டெப்போவுக்கும் புரோகிராம் போகிறது. நான் திட்ட மேலாளர். எல்லா இடத்திலும் டூட்டி எழுதுகிறவர்கள் உன்னை மாதிரியே எல்லாவற்றையும் தலைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். என்னைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறார்கள். உன்னிடம் பேசுவார்கள். உன் முகம் அப்படிப்பட்டது. டெப்போ டெப்போவாகப் போய் உட்கார்ந்து பேசி வாங்கி வருவதுதான் உனக்கு வேலை. எப்படியும் உன் மேஜையில் இனி வேலை ஒன்றும் இருக்கப் போவதில்லை. கோபத்தில் மறுத்துவிடாதே.

உன் செல்லத் தங்கை

ஜூன் 8

தங்கைக்கு,

வாத்தியார் பற்றி நீ கேட்டது சரிதான். அது ஒன்றுதான் உன் கடிதத்தில் நியாயம். மற்றதைப் படித்தபோது, உன்னைத் தூக்கி வளர்த்த கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வாரம் உன்னை வெறுத்தேன். இப்போதும் குறையவில்லை.

இங்கே யாரும் என் கையிலிருந்து டூட்டிச் சீட்டு வாங்குவதில்லை. மேஜையில் வைக்கச் சொல்கிறார்கள், நான் கையை எடுத்த பிறகு எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று பெரியக்காவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எதுக்கு சார், எழுதிக்கவா?" என்றார்.

அதனால் நீ சொன்ன வேலைக்கு வருகிறேன்.

நேற்றே தொடங்கிவிட்டேன். பக்கத்து டெப்போவில் டூட்டி எழுதுகிறவனை உனக்குத் தெரியும். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். என் கல்யாணத்தில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். எங்கள் டெப்போவில் நடந்தது அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது, ஆனால் அதில் என் பெயரை மட்டும் அவன் நம்பவில்லை. "நீயா இருக்காதுடா" என்றான். நான் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் ஏழு பேரைச் சொன்னான். நான் தலையாட்டினேன்.

ஏழும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நீ சிரமப்பட வேண்டாம் என்று ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். ஏழாவது அவனுடையதே. இரண்டு வருஷமாக அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவன் மனைவிதான் வீட்டில் சார்ட் எழுதித் தருகிறாள். அவன் அதைக் கொண்டு வந்து ஒட்டுகிறான். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த ஒன்றை விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். விடவில்லை. இன்றைக்கு அவனை விட்டால், மௌனியை ஏன் விடவில்லை என்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டும்.

இனி எனக்கு எழுத வேண்டியதை ஆபீஸ் முகவரிக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆசையாகப் பிரிக்கிற பழக்கம் என்னை இன்னும் விடவில்லை.

அண்ணன்

இணைப்பு: ஒரு தாள்