கப்டன் தொம்சனின் முகம்

பாலையூற்று,
திருகோணமலை.

என் அன்பு மருமகன் இராகுலனுக்கு,

கோணேசர் அருளால் உன் அம்மா பூரணியும் நானும் நலம். லண்டனில் நீயும் நலமாக இருப்பாய். இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னனான். ஆவணியில் நீ வந்து, அலுமாரிக்கு மேலிருந்த கப்டன் தொம்சனின் முகத்தைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபோதே சொன்னனான். வாயால் அல்ல, மனத்துக்குள். அதுவும் சொன்னதுதான்.

“மாமா, மியூசியத்தில ஒரு ஆளுக்குக் காட்டிப்போட்டுப் பொங்கலுக்கு முதல் கொண்டுவந்து தாறன்” என்றாய். பொங்கல் போய்விட்டது. நேற்று முன்வீட்டு ஜமால்தீனின் மகன் பஹ்மி போனோடு ஓடிவந்து, “அங்கிள், உங்கட கப்டனை அடுத்த மாதம் ஏலம் போடுறாங்க” என்றான். பார்த்தேன். கறுப்புத் துணியில் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் யாரோ ஓர் அரசன், யாரோ ஒரு சங்கீதக்காரன், எல்லாரும் கண்ணை மூடியபடி. செத்த பெரிய மனிதர்களின் முகத்தில் சாந்து வைத்து எடுத்த அச்சுகளை வாங்கிச் சுவரில் கொழுவுகிற பணக்காரர் அங்கே இருக்கிறார்களாம். அதை உனக்கு முதலில் சொன்னவனே நான்தான்.

முகத்தை எடுத்தாய், சரி. கதையையும் அல்லவா எடுத்துவிட்டாய்! துறைமுகத்துப் பழைய களஞ்சியத்தை இடிக்கிற நேரம் நாலு பேரோடு மல்லுக்கட்டி, சாக்கில் போட்டு, சென்றியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரனுக்குச் சிரித்துக் காட்டிக் கொண்டுவந்தவன் இந்தக் குலசிங்கம். படத்துக்குக் கீழே ஏலக்காரர் எழுதியதென்று பஹ்மி வாசித்ததில் குலசிங்கமே இல்லை. கப்டன் தன் கையாலேயே உன் பூட்டனுக்குக் கொடுத்தாராம். செத்த முகத்தைச் செத்தவனே எப்படியடா கொடுப்பான்? பொய் எழுதுவதென்றால் என்னிடமாவது கேட்டிருக்கலாம்.

நிலாவெளி ஹோட்டல்களிலிருந்து எத்தனை வெள்ளைக்காரர் ஓட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள்! இரண்டு ஜேர்மன்காரிகள் அழுதார்கள். சரி, ஒருத்தி. விலைக்குக் கேட்டவர்கள் எல்லாரிடமும் ஏலாது என்றுதான் சொன்னனான். நீ மருமகன். கேட்ட கையோடு கதிரையில் ஏறி இறக்கித் தந்தேன். அதுதான் நெஞ்சுக்குள் நிற்கிறது.

போன் எடுத்தால் நீ எடுக்கிறாய் இல்லை. “விடுங்க குலசிங்கம், ஒரு சாந்துக் கட்டிக்கு மருமகனோட கோவமா?” என்கிறார் ஜமால்தீன். அவருக்கு என்ன தெரியும்? உன் அம்மாவோ, “வெள்ளைக்காரன் எப்ப வருவான் அண்ணை?” என்று கேட்கிறாள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

கோபத்தில் கடிதத்தை இதோடு முடிக்கத்தான் இருந்தேன். முடியவில்லை. இதையும் கேள்.

உன் அப்பா இரத்தினசிங்கம் காய்ச்சலில் போனபோது நீ வயிற்றில். பிள்ளைத்தாச்சி பிரேதத்தின் முகம் பார்க்கக்கூடாது என்று சனம் உன் அம்மாவைப் பக்கத்து வீட்டில் இருத்திவிட்டது. அவருடைய படங்களும் அதற்கு முந்திய இடப்பெயர்வில் வீட்டோடு எரிந்துபோயின. நான் அப்போது ஆஸ்பத்திரியில் கைகால் முறிந்தவர்களுக்குப் பிளாஸ்டர் போடுகிற வேலை. டாக்டர்மாரே என்னைக் கேட்டுத்தான் போடுவார்கள். பெட்டியில் வைக்குமுன் மச்சானின் முகத்தில் தேங்காயெண்ணெய் பூசி, பிளாஸ்டர் வைத்து, அச்செடுத்தேன். ஒருநாள் அவளுக்குக் காட்டலாம் என்றுதான்.

ஆனால் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் பிரேத முகத்தை வைக்க விடுவார்களா? கன்னத்தில் கிருதா ஒட்டினேன். வெள்ளைக்காரக் கப்டன் என்றேன். நீ பிறந்து வளர்ந்தாய், கதையும் வளர்ந்தது. பிறகு எனக்கு அதிலிருந்து இறங்கத் தெரியவில்லை. பூரணிக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த வெள்ளைக்காரனுக்கு முன்னால் ஏன் பூ வைக்கிறாய் என்று அவளிடம் நான் கேட்டதும் இல்லை.

ஏலத்துக்கு முதல் எடுத்துவிடு, ராசா. அம்மாவின் கையில் நீயே கொண்டுவந்து கொடு. கோணேசர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். கப்டன் தொம்சன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. நீ துவாயில் சுற்றிக் கொண்டுபோனது உன் அப்பாவை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
குலசிங்கம்