நன்றிப் பட்டியலில் ஒரு லொறிச் சாரதி

அன்புள்ள அண்ணனுக்கு,

பெர்லினிலிருந்து ஹம்சிகா. உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? அண்ணி சுகமா? எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

அண்ணே, நாம் ஜெயித்துவிட்டோம்! பல நாட்டவர் சேர்ந்து இலவசமாகத் தருகிற எங்கள் கணினிக் கருவி, புரோகிராம்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது. முன்பு ஒரு துண்டைத் திருத்தினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டும். சித்திரையில் நான் போனில் புலம்பியபோது, தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டே கேட்டீர்களே, "ஒரு மூட்ட மாறுனா முழு லொறியையுமா எறக்குவாங்க?" என்று. மாறிய துண்டை மட்டும் திரும்பக் கட்டினால் போதும் என்று அதையே திட்டமாக எழுதிக் கொடுத்தேன். நாற்பது நிமிட வேலை இப்போது மூன்று நிமிடத்தில் முடிகிறது.

கருவியின் புதிய பதிப்பில் வரும் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயரையும் போட்டேன். புரோகிராம் எழுதியவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று குழுத் தலைவி மார்த்தா அழித்துவிட்டார். அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். மூன்று நாள் சண்டை. கடைசியில் விதியையே மாற்றினார்கள். "இ. சதீஸ்குமார், லொறிச் சாரதி, இரத்தோட்டை." உலகமே பார்க்கலாம்!

ஒரு பொட்டலம் மிளகு அனுப்புங்கள், இங்கே உள்ளதில் காரமே இல்லை. வெள்ளிக்கிழமை அடுத்த பதிப்புக்கான திட்டக் கூட்டம். "உங்கள் அண்ணன் என்ன சொல்கிறார்?" என்று மார்த்தா இப்போதே கேட்கிறார். அதனால் வியாழக்கிழமை எனக்கு போனில் கோல் எடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எடுங்கள்.

ஸ்டேஷனில் இருந்து எழுதுகிறேன், என் ரயில் வந்துவிட்டது.

தங்கை,
ஹம்சிகா