பன்னிரண்டாவது ஆளின் கால்

தண்டலம்
பெரிய வெள்ளி, 12-4-1974

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் அன்னபுஷ்பத்துக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் மகள் அருள்மேரியும் சுகம், நாகபுரி ஆஸ்பத்திரியில் டூட்டி டூட்டி என்று நீ உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாயோ என்பதுதான் கவலை. அருள்மேரிக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியாயிற்று, முகத்தில் வடு இல்லை. உன் அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. காரணத்தை ஊரார் யாராவது உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன், உட்கார்ந்து படி.

பெரியநாயகம் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். சுங்குவார்சத்திரத்தில் குடித்துவிட்டு லாரி ஓட்டி உன் புருஷனைச் சைக்கிளோடு அடித்துப்போட்ட அதே பாவிதான். வந்து இரண்டு மாதம் ஆகிறது, உனக்கு எழுத மனசு வரவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தானாம், அத்தோடு அவனுக்கு எல்லாம் முடிந்துபோயிற்றாம். உனக்கு முடிந்ததா, புஷ்பம்? இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் மணி அடிக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய வியாழனன்று அப்போஸ்தலர்களாக உட்காரவைத்துக் கால் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் சாமியார் அவனையும் சேர்த்துவிட்டார். போய்ச் சண்டை போட்டேன், இதென்ன நியாயம் சாமி என்றேன். நியாயம் பார்த்தால் ஒருத்தன் காலையும் கழுவ முடியாது அப்பாவு, ஆண்டவர் யூதாசுக்கும் கழுவினாரே என்றார். யூதாஸ் என் மருமகனைக் கொல்லவில்லையே சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது தப்பென்று இன்னும் தோன்றவில்லை.

சாமியார் கழுவும்போது செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பதினோரு பேருக்கு ஊற்றினேன். கடைசியில் அவன். சாமியார் முட்டிபோட்டு இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்தபடி காத்திருக்கிறார், என் கையில் செம்பு சாயவில்லை. பாட்டும் முடிந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து அருள்மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஆள் யாரென்று குழந்தைக்குத் தெரியாது. அவன் தலையைத் தூக்காமலே, வாணாம் பெரிவரே, நான் பூடறேன் என்று எழுந்தான். அவன் போய்த் தொலையவேண்டும் என்றுதான் இரண்டு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் வாயில் வந்தது உக்காருடா என்பதுதான். உட்கார்ந்தான், ஊற்றினேன், பாதித் தண்ணீர் என் வேட்டியில் போயிற்று. அவன் பூசையில் நன்மை அப்பம் வாங்காமலே வெளியே போய்விட்டான். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, பொண்ணு மூஞ்சில இன்னான்னு முழிப்ப நீ என்று கேட்டவள்தான், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நீ அவனை மன்னிக்கவேண்டும் என்று எழுதவில்லை. நானே மன்னிக்கவில்லை, அவன் குரல் கேட்டால் உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் அவனை அங்கிருந்து துரத்தவும் எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று நினைத்தால் திட்டியாவது இரண்டு வரி எழுது, பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே. வெயில் ஏறுகிறது, வேளைக்குச் சாப்பிடு. மாதாவின் கை எப்போதும் உன் தலைமேல் இருக்கட்டும்.

ஞாயிறு பூசையில் நன்மை வாங்க வருவதாக அவன் சாமியாரிடம் சொல்லியிருக்கிறான். நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம் கீழே விழாதபடி அவன் மோவாய்க்கடியில் தட்டைப் பிடிக்கவேண்டியவன் நான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். ஆனாலும் வேண்டிக்கொள் மகளே, அப்பாவுக்குக் கை நடுங்கியிருக்கக் கூடாது என்று.

இப்படிக்கு,
உன் அப்பா
கோயில்பிள்ளை அப்பாவு