நாற்பது தோசை

திருப்பதி

ரூபாவின் தாத்தாவுக்கு வணக்கம். இருமல் நின்றதா? போனில் உங்களுக்குக் காது கேட்காததால் எழுதுகிறேன்.

எங்கள் ஓட்டல் பில் மென்பொருளோடு தன் புரோகிராமை இணைக்க, நம் பேத்தி அதைச் செய்த கம்பெனியிடம் டெவலப்பர் அனுமதி வாங்கிவிட்டாள். நேற்று அவள் சோதித்த ஆர்டர் தவறிப்போய்ச் சமையலறையில் சீட்டாக வந்தது. நாற்பது தோசை வார்த்தேன், கேட்க ஆளில்லை. விஷயம் தெரிந்தால் அவள் அனுமதி போய்விடும். சீட்டை அடுப்பில் போட்டேன்.

"நாலை நாப்பதுன்னு படிச்சிட்டேன் சாமி" என்றேன்.

"அஞ்சாவது படிச்சேன்னு பீத்திக்கினு இருந்தியே" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது பாத்திரம் கழுவுகிறேன். அடுப்புச் சூடு இல்லை, நல்லதுதான். ரூபாவுக்குத் தெரிய வேண்டாம்.

யாராவது வந்தால் நம் மரத்துப் புளி கொடுத்தனுப்புங்கள். மூக்குக்கண்ணாடி கேட்டிருந்தேனே, அது வேண்டாம். இங்கே எனக்குப் படிக்கத் தெரியாது.

அண்டா காத்திருக்கிறது.

லட்சுமம்மா