ஐந்து அல்ல, மூன்று கிலோமீட்டர்

எந்தச் சண்டையிலும் என் கட்சியே பேசும் அப்பாவுக்கு,

கடையை மூடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகக் கேளுங்கள்.

நீங்கள் போன இரண்டாவது மாதத்திலிருந்து நம் பிரவுசிங் சென்டரில் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. லாஸ்பேட்டை வீட்டு மொட்டை மாடியிலிருந்து கோரிமேட்டுக் கடை மாடிக்கு நீங்கள் கட்டிய ஒயர்லெஸ் லிங்க்தான் கடைக்கு ஒரே வழி. கடைத் தெருவுக்கு இன்னும் பிராட்பேண்ட் வரவில்லை. லிங்க் போனால் கடை போச்சு.

சித்தப்பா கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சென்ற சனிக்கிழமை வந்து, "அண்ணி, கடய மூடிடலாம். திங்கக்கிழம ஒரு ஆளு வந்து கம்ப்யூட்டர எல்லாம் ஏத்திக்கினு போயிடுவான். சொல்லிட்டேன்" என்றார். எனக்குக் கோபத்தில் காது சுட்டது. யாரைக் கேட்டுச் சொன்னார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் நோட்டையும், லிங்க்குக்காக இரு மாடியிலும் நீங்கள் வைத்த ரேடியோக்களோடு வந்த கையேட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டு ரேடியோவின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து, சுற்றிலும் யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று தேடச் சொன்னேன். நம்முடைய 5835 மெகாஹெர்ட்ஸிலேயே இன்னொருவர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். கடைக்கு எதிர் லாட்ஜ் மாடியில் புதிதாக முளைத்த ஆண்டெனாவாகத்தான் இருக்கும். 5865 காலியாக இருந்தது.

"அவரு வெச்சத மாத்தாதடி" என்றார் அம்மா. உங்கள் சட்டைகளைக்கூட அவர் இன்னும் கொடியிலிருந்து எடுக்கவில்லை, அப்பா.

நான் மாற்றினேன். அடுத்த நொடி கடைப் பக்கம் காணாமல் போனது. நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், சிவப்பு மையில் உங்கள் கையெழுத்து: 'எதிர்முனையை முதலில் மாற்று. நம் முனையைக் கடைசியில்.' இதை ஏன் முதல் பக்கத்தில் எழுதவில்லை? பழைய அலைவரிசைக்குத் திரும்பியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கூச்சலுக்குள் மறுபடி போக எனக்கு மனமில்லை. கடைக்கே போய் அந்த முனையையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

நடந்ததைச் சொல்லிச் சாவி கேட்டதும் சித்தப்பா சிரித்தார். "கொஞ்ச நஞ்சம் இருந்த சிக்னலையும் சாவடிச்சிட்டியா? போயி பத்தாவது பாடத்தப் படி பாப்பா. ஏரியல் வேலயெல்லாம் ஆம்பளங்க பாத்துப்போம்."

"ரெண்டு மாசமா எந்த ஆம்பள பாத்தீங்க சித்தப்பா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. அதற்குள் அம்மா கையை நீட்டினார். "சாவியக் குடுங்க தம்பி. வண்டிய நான் ஓட்டுறேன்."

வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அமைப்புகளில் 'தூரம்' என்ற கட்டத்தில் நீங்கள் ஐந்து கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். ரேடியோ ஒரு செய்தியை அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை அந்தத் தூரத்தை வைத்துத்தான் கணக்கிடும். தூரத்தைக் கூட்டிச் சொன்னால், தொலைந்துபோன ஒவ்வொரு பதிலுக்கும் வீணாகக் கூடுதல் நேரம் காத்திருக்கும்.

"அஞ்சுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சாரு?"

"வண்டி மீட்டரப் பாத்துதான். வாசல்லேந்து கட வரைக்கும் ஓட்டிப் பாத்து எழுதுனாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பா. அலை என்ன சிக்னலில் நின்று, பெட்ரோல் பங்க்கில் திரும்பி, பஸ்ஸுக்கு வழி விட்டா போகிறது? கடையைத் திறந்ததும், சுவரில் இருக்கும் ஊர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேர்கோடாக அளந்தேன். மூன்றுக்கும் சற்றுக் குறைவு.

ஷட்டருக்கு வெளியே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். கணவர் ஆஸ்பத்திரியில், மகன் பாரீஸில். ஞாயிறுதோறும் கேமராவில் மகனைப் பார்க்க வருபவர். "லைன் வந்துச்சா பாப்பா? எம்புள்ள அங்க காத்துக்கினு இருப்பான்."

கடைக் கணினியிலிருந்து கடை ரேடியோவுக்குள் போனேன். அலைவரிசை 5865. தூரம் மூன்று. சேமி. சிக்னல் கோடு ஏறவில்லை. அம்மா என் தோளை இறுக்கினார். பிறகு ஏறியது, ஏறி, அசையாமல் நின்றது. அங்கிருந்தே வீட்டு ரேடியோவிலும் ஐந்தை மூன்றாக்கினேன். பாரீஸ் மகன் திரையில் வந்து, "என்னம்மா, இன்னிக்கி மூஞ்சி தெளிவா தெரியுது?" என்றான்.

திங்கட்கிழமை வந்த ஆளை அம்மாவே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

உங்கள் நோட்டில் ஐந்தை அழிக்கவில்லை. பக்கத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் வைத்ததை அப்படியே காப்பாற்றுவேன் என்று நான் சொல்ல மாட்டேன். எது ஓட வேண்டுமோ அதை ஓட வைப்பேன். அதற்காக நீங்கள் வைத்ததையும் மாற்றுவேன். இது சத்தியம்.

நீங்கள் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் போடுவது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. பதில் வராதென்றும் தெரியும். அனுப்புவதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

உங்கள் தப்பைத் திருத்திய,
உங்கள் மூத்த மகள்,
கயல்விழி