துணித் தராசில் என் எடை

ஜூன் 12, 2006. திங்கள்.

காலையிலேயே சாரல். வீரபாண்டி வரை ஓட்டம். ஒரு நாய் துரத்தியதால் வேகம் நன்று. எங்கள் பனியன் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் துணித் தராசில் ஏறினேன். 47.900. போதும். போன வருடம் 48 கிலோப் பிரிவில்தான் பாக்சிங் மாநிலத் தங்கம். இந்தப் பக்கத்தில் பெண்ணொருத்தி வாங்கிய முதல் தங்கம். சனிக்கிழமை சென்னையில் மறுபடி போட்டி. ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் ஓவர்லாக் தையல் மிஷினும் அம்மா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளையும்தான்.

தராசு பார்க்கும் பழனிசாமி அண்ணன்: "ஏங் கண்ணு, காத்தடிச்சாப் பறந்துருவியாட்ட இருக்குது. நாலு இட்லி தின்னா என்னவாமா?"

வீட்டில் அம்மா: "ஏட்டி, பட்டினி கெடக்கவா திருநெல்வேலிய விட்டு இங்க வந்தோம்?" பசியே இல்லை என்றேன். பச்சைப் பொய்.

ஜூன் 15, வியாழன்.

மறுபடி 47.900. நிம்மதி. ஆனால் எல்லோர் மேலும் எரிச்சல். செக்கிங் மேஜையில் கஸ்தூரியிடம் கத்தினேன், பாவம். எடுத்து வைக்க: க்ளவுஸ், பல்லுக்கு மாட்டும் கார்டு, இரண்டு பனியன், பிறந்த தேதி சர்ட்டிபிகேட்.

ஜூன் 17, சனி. சென்னை.

வெயில் கொளுத்துகிறது. எடை போட்டார்கள். 49.300! "உங்க மிஷின் ரிப்பேர் சார்" என்று சண்டை போட்டேன். எனக்கு அடுத்து ஏறியவளுக்குச் சரியாகவே காட்டியது. மானம் போயிற்று.

பழனிசாமி அண்ணனுக்கு போன். விஷயம் இதுதான்: துணியை ப்ளாஸ்டிக் டப்பில் போட்டுத்தான் நிறுப்பார்கள். டப்பின் எடை சேரக்கூடாதென்று அதைத் தராசில் முதலிலேயே கழித்து வைத்திருக்கிறார்கள். டப்பை எடுத்துவிட்டு நான் ஏறினால் என் எடையிலும் அது கழியும். "அய்யய்யோ கண்ணு, நெனப்பே வரலீங்களே!" திட்ட வந்தது. ஆனால் எனக்கும்தானே தோன்றவில்லை? மரமண்டை.

பாக்சிங் மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி என் பெயரை 50 கிலோவுக்கு மாற்றினார். அங்கே போன வருட சாம்பியன் ரயில்வேக்காரி. என்னைவிட ஒரு ஜாண் உயரம். பயம்.

ஆனால் ஐம்பதுக்கு இன்னும் எழுநூறு கிராம் இடம் இருக்கிறதே! பொங்கல், வடை, இன்னொரு பொங்கல். மாலையில் முதல் போட்டி. ஜெயித்தேன்.

ஜூன் 18, ஞாயிறு.

ஃபைனல், ரயில்வேக்காரியோடு. முதல் ரவுண்டில் நன்றாக வாங்கினேன். இடது கண் வீக்கம். வழக்கமாகக் கடைசி ரவுண்டில் கை கனக்கும், காது அடைக்கும். இன்று இரண்டும் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் அதைப் பயிற்சிக் குறை என்று நினைத்திருக்கிறேன்! வெறும் பசி. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தங்கம். பின்னால் யாரோ: "யார்றா இது?" "பனியன் கம்பெனிப் புள்ளடா." அடேயப்பா, என்ன சந்தோஷம்.

ஸ்டேஷனில் ஒரு ரூபாய் போனிலிருந்து அம்மாவுக்கு, பக்கத்து வீட்டு நம்பரில். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

"ஏட்டி, மூஞ்சி முழுசா இருக்கா?"

"இருக்கும்மா. தங்கம். அம்மா, பசிக்குது."

அந்தப் பக்கம் அம்மா அழுகிறாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னட்டி வேணும், சொல்லு" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். மீன் குழம்பு, சொதி, முறுக்கு, அல்வா. கையிலிருந்த சில்லறை தீரும் வரை சொன்னேன்.