வாண்டாவுக்கு மண் வேண்டாம்

உங்களுக்கு,

இங்கே நலம். உங்கள் வாண்டா ஆர்க்கிட் செடியும் நலம். அதையும் அத்தையையும் ஞாயிற்றுக்கிழமை வரும் வண்டியில் அனுப்பிவைக்கச் சொல்லியிருந்தீர்கள். அதற்கு முன் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எங்களை விட்டுத் தனியாகப் போன பிறகு அது வாடிவிட்டது. "பாவம், வெறும் மரக்கூடையில அந்தரத்துல தொங்குது. வேருக்கு ஒரு பிடிப்பு வேண்டாமா?" என்று அத்தை கூடை நிறைய மண்ணைப் போட்டுவிட்டார். நானும் என் பங்குக்குத் தண்ணீரை ஊற்றித் தள்ளினேன். வேர் அழுகியது. நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இது காத்துல இருந்தே ஈரத்தை எடுத்துக்கும். மண்ணைப் போட்டு மூச்சு முட்ட வெச்சுட்டீங்களே!"

மண்ணை உதறி, அழுகிய வேர்களை வெட்டி, குளியலறை ஜன்னலருகே தொங்கவிட்டோம். காலையில் மட்டும் வேரில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இருட்டுவதற்குள் காய்ந்துவிட வேண்டும். அத்தைதான் தெளிக்கிறார், உங்களைத் திட்டிக்கொண்டே. செடிக்கு அது ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. ஊதா மொட்டு விட்டிருக்கிறது.

நேற்று கூடையைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. புது வேர்கள் ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டுவிட்டன. வெட்டினால்தான் எடுக்க முடியும். கத்தரிக்கோலை எடுத்தேன். "அதுல கை வெச்சே, அப்புறம் பாரு!" என்றார் அத்தை.

வண்டிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அத்தை தன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை.

உங்கள் அம்மாவின் மருமகள்